நாற்பது கேள்விகளும் ஒரு கடிதமும்

சென்ற கிழமை ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் முன்னர் படித்து இப்பொழுது பேராதனைப் பல்கலைக் கழகத்தில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் ஒரு கட்டுத் தாள். தோட்டம் ஒன்றுக்குச் சென்று, அங்குள்ள மக்களின் வாழ்க்கை நிலையை விசாரித்து எழுதிவர வேண்டுமாம். அதற்குரிய வினாக்கொத்து அது. தேநீர் அருந்தியபடியே புரட்டிப் பார்த்தேன். வருமானம் எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், குடிதண்ணீர் எங்கிருந்து வருகின்றது, பிள்ளைகள் எந்த வகுப்பு வரை படித்தனர் என்று வினாக்கள் ஒழுங்காகவே அமைந்திருந்தன. நான் தலை நிமிர்ந்ததும் அவன் கேட்டான்:

"சேர், எத்தனை பேரைக் கேட்டால் போதும்?"

மாணவன் எவனும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான். ஆயினும் அது என்னைச் சுட்டது. இதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டவன். அதனால் விளைந்த கதையை இன்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று எண்ணுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அப்பொழுது நானும் பேராதனையில் மாணவன். பல்கலைக் கழக வளவினுள் உள்ள கலஹாச் சந்தியைப் பலரும் அறிவீர்கள். அங்கிருந்து பஸ் ஏறி மலைப் பாதையில் சென்றால், விரிவுரை மண்டபங்கள் மறைந்து சிறிது நேரத்தில் தேயிலை தொடங்கிவிடும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் அந்தப் பக்கத்து மலைகளிலேதான் இருக்கின்றது. அவ்வழியில் உள்ள தோட்டம் ஒன்றுக்கு நானும் நண்பர் ஒருவரும் ஒப்படை ஒன்றின் பொருட்டு நாற்பது கேள்விகளுடன் போனோம்.

லயத்தின் கடைசிக் காம்பிராவில் ஒரு மூதாட்டி இருந்தார். பல்லாண்டு காலம் கொழுந்து பறித்து ஓய்ந்த கைகள். பாய் விரித்து எங்களை உட்காரச் செய்து, சாயத் தேநீர் தந்து, நாற்பது கேள்விகளுக்கும் பொறுமையாக விடை சொன்னார். நாங்கள் தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தபோது அவர் சொன்னார்:

"தம்பி, இம்புட்டு நேரம் நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா?"

தகரப் பெட்டியைத் திறந்து, பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கடிதம், சிங்களத்தில் அச்சிட்டது. அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணம்பற்றியது என்று மட்டும் எங்களுக்குப் புரிந்தது. அடையாள அட்டையில் ஒருவாறும் தோட்டத்துப் பதிவில் வேறொருவாறும் அவர் பெயர் ஓர் எழுத்துக் கூடியும் குறைந்தும் இருந்ததே தடை என்று தோன்றியது. நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

"அடுத்த கிழமை வந்து விசாரித்துச் சொல்கிறோம், பாட்டி" என்றேன்.

போகவில்லை. பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது, அடுத்த ஆண்டு வந்தது. அந்த ஒப்படைக்கு எனக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. அம்மூதாட்டியின் வாழ்வை அட்டவணையாக்கி நான் பட்டதாரியானேன். அவருடைய கடிதமோ மீண்டும் தகரப் பெட்டிக்குள் போயிற்று. என்னை எவரும் தடுக்கவில்லை. திரும்பிப் போ என்று எவரும் பணிக்கவுமில்லை. குற்றம் என்னுடையது. எனினும், அந்த ஒப்படை வேறுவிதமாக அமைந்திருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன் அன்றோ என்று பல முறை நினைத்ததுண்டு.

ஈகையும் ஒப்புரவும்

பல்கலைக் கழகப் பாடத்தோடு சமூகத் தொண்டை இணைத்துக் கற்பிக்கும் முறை ஒன்று இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. அதனைத் தொண்டுவழிக் கல்வி எனலாம். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்வியாளர் சிலர் இதற்கு ஒரு பெயரைச் சூட்டினர். பெயர் புதிது, கருத்து நமக்குப் புதிதன்று.

திருவள்ளுவர் 'ஈகை' என்று ஓர் அதிகாரமும், அதற்கு முன்னதாக 'ஒப்புரவறிதல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஈகை வறியவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழும் ஒருவன் தன்னிடமுள்ளதை ஊருக்குப் பயன்படுமாறு வைத்திருப்பது. இரண்டும் நல்லனவே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதனாலன்றோ அவற்றைத் தனித்தனியே வைத்தார்!

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தபோது, இளைஞர்கள் பலர் அரிசியும் உடையும் போர்வையும் திரட்டிக் கொண்டு ஓடினர். அது ஈகை, போற்றத்தக்கது. அதே மலைச்சரிவில், மழைக்காலத்துக்கு முன்னரே புவியியல் மாணவர் சிலர் ஊராரோடு நடந்து, நிலத்தில் புதிதாக வெடிப்புக் கண்டிருக்கின்றதா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, ஊற்று நீர் திடீரெனக் கலங்கியதா அல்லது வற்றியதா, கதவுகள் காரணமின்றி இறுகுகின்றனவா என்று பார்த்துப் படம் வரைந்து, அப்படத்தின் பிரதியொன்றை ஊர்க் கோயிலிலும் விகாரையிலும் ஒட்டிவிட்டு வந்தால் அஃது ஒப்புரவு. அவ்வாறு செய்யும்பொழுது மாணவன் தன் பாடத்தை மறக்கவில்லை, நன்றாகப் படிக்கின்றான். இந்த மேட்டில் எந்த ஆண்டு மண் நழுவியது என்பதை எந்த நூலும் அவனுக்குச் சொல்லாது. அங்கே வாழும் முதியவர் சொல்வார்.

பாததும்பறையும் கல்லோயாவும்

1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக் கழகம் பின்னர் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அன்று முதல் அதனைச் சுற்றியுள்ள ஊர்கள் அதன் ஆராய்ச்சிக்குப் பொருளாகி வந்திருக்கின்றன. 1957இல் என். கே. சர்க்கார், எஸ். ஜே. தம்பையா என்னும் இருவர் எழுதி வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்று இன்றும் மதிக்கப்படுகின்றது. கண்டிக்கு அருகேயுள்ள பாததும்பறைக் கிராமங்களைப்பற்றிப் பல்கலைக் கழகம் நடத்திய சமூக பொருளாதார ஆய்வு அது. 'சிதைந்துவரும் கிராமம்' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு அவர்கள் இட்டனர். வயலும் பன்சாலையும் உள்ள அழகிய கிராமம் என்று நகரத்தார் கற்பனை செய்துகொண்டிருந்த இடத்தில், நிலமற்றோரின் தொகையையும் துண்டுபட்ட காணிகளையும் அந்நூல் எடுத்துக் காட்டிற்று.

அந்த நூல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தங்கள் வீட்டுக் கணக்கை ஒளிக்காமல் சொன்ன வத்தேகாமப் பக்கத்து உழவர்களில் எத்தனை பேர் அதனைக் கையில் எடுத்து வாசித்திருக்க முடியும்? இவ்வாறு கேட்பது அவ்விருவரையும் குறைகூறுவதாகாது. அரசாங்கமும் அறிஞரும் உண்மையை அறிந்தனர். அது பெரும் பயனே. ஊரிலிருந்து உண்மையை எடுத்துச் செல்லும் வழியை நம் பல்கலைக் கழகங்கள் அன்றே நன்கு கற்றுக்கொண்டன. அதனை ஊருக்கே திருப்பிக் கொடுக்கும் வழிதான் இன்னமும் செப்பனிடப்படாமல் கிடக்கின்றது.

தம்பையா அவர்கள் இலங்கைத் தமிழர். பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வார்ட் ஆகிய இடங்களில் கற்பித்து, 2014இல் காலமானார். அவருடைய வாழ்வில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று நம் பொருளுக்கு மிகவும் உரியது. 1956 ஜூன் மாதத்தில், சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்திருந்த ஒரு குழுவை அழைத்துக்கொண்டு கல்லோயாப் பள்ளத்தாக்கின் குடியேற்றங்களில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அவ்வேளையில் அங்கே இனக்கலவரம் மூண்டது. வினாக்கொத்தோடு போனவர்கள் வன்செயலின் நடுவே நின்றனர். பின்னாளில் அவர் தம் கள ஆய்வைத் தாய்லாந்தில் அமைத்துக்கொண்டார். இனவன்முறை எவ்வாறு பிறக்கின்றது என்ற வினாவை 1986இல் வெளிவந்த நூலொன்றிலும் அதற்குப் பின்னரும் அவர் ஆராய்ந்தார்.

கிராமம் என்பது கண்ணாடிக் குடுவைக்குள் வைத்த ஆய்வுப் பொருளன்று. கேள்வி கேட்பவனும் அதே நாட்டின் இன்பதுன்பங்களுள் அகப்பட்டவனே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. சிங்கள மாணவன் தமிழ்த் தோட்டத்துக்கும், தமிழ் மாணவன் சிங்களக் கிராமத்துக்கும் ஒருவருக்கொருவர் துணையாகப் போய்வருவதில் வகுப்பறையில் கிடைக்காத ஒரு கல்வி உண்டு. என் மூதாட்டியின் கடிதத்தை என்னோடு வந்த ஒரு சிங்கள நண்பர் அரை நிமிடத்தில் வாசித்திருப்பார். அப்படி ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணமே எனக்கு அன்று தோன்றவில்லை.

ஓர் ஆசிரியரும் அவர் மாணாக்கரும்

திருப்பிக் கொடுக்கும் கல்விக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கொழும்பு நாலந்தா வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன, 1958 டிசம்பர் விடுமுறையில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொளுவ என்னும் ஊருக்கு அழைத்துச் சென்றார். சமூகத்தால் ஒதுக்கப்பட்டிருந்த ரொடி மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அவர்களோடு தங்கினர், மண்வெட்டி பிடித்தனர். அங்கே விளைந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம். பின்னர் அது நாட்டின் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவிற்று. 1969இல் ஆரியரத்னவுக்கு மக்சாசே விருது கிடைத்தது. 2024இல் அவர் மறைந்தார். அத்தனைக்கும் தொடக்கம் ஒரு பாடசாலை ஆசிரியர் விடுமுறையில் வகுத்த ஒரு பாடம் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள என் போன்றோர் மறத்தல் கூடாது.

தமிழகத்தில் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமம் இருக்கின்றது. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனம் அது. 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் எழுந்தது. 1976இல் அது பல்கலைக் கழகத்துக்கு ஒப்பான நிலையைப் பெற்றது. மாணவர்கள் சுற்றியுள்ள கிராமங்களில் சில நாள்கள் தங்கி, அவ்வூராரோடு சேர்ந்து கற்பது அங்கே பாடத்திட்டத்தின் ஓர் அங்கம். 'விருப்பமிருந்தால் செய்' என்று அது புறத்தே தள்ளப்படவில்லை.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டெம்பர் 24ஆந் திகதி, இந்திய அரசாங்கம் 37 பல்கலைக் கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆண்டொன்றுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு என்பது அதன் கணக்கு. நல்ல திட்டமே. ஆயினும் அதில் ஒரு குறை நேர்ந்துவிடக்கூடும். இரசாயனம் படிப்பவனும் வரலாறு படிப்பவனும் ஒரே துடைப்பத்தைப் பிடித்து ஒரே தெருவைக் கூட்டிவிட்டு வருகின்றனர். தெரு சுத்தமாகின்றது, அவர்கள் படிக்கும் பாடமோ தொடப்படாமல் இருக்கின்றது. மெக்சிக்கோ நாட்டில் 1936ஆம் ஆண்டு முதல் மருத்துவம் பயில்வோர் பட்டம் பெறுவதற்குமுன் கிராமங்களில் மருத்துவத் தொண்டு செய்யும் வழக்கம் உண்டாயிற்று. அங்கே தொண்டும் பாடமும் ஒன்றே. நாம் நாட வேண்டியது அந்த இணைப்பையே.

பேராதனையிலும் இதற்கு வேர் இல்லாமலில்லை. மருத்துவ மாணவர் சமுதாய மருத்துவம் என்ற பாடத்தின் பொருட்டு வீடுகளுக்குச் செல்கின்றனர். விவசாய பீடத்து மாணவர் மகாஇலுப்பள்ளமையில் சேற்றில் இறங்கிப் பயிற்சி பெறுகின்றனர். ஏனைய பாடங்களுக்கும் இவ்வேர் பரவ வேண்டும்.

நம் மலைநாட்டில் என்ன செய்யலாம்?

ஊழியர் சேமலாப நிதியையே எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதமும், தொழில் கொடுப்பவரின் பங்காக 12 வீதமும் அந்நிதியில் சேர்கின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதனைப் பெற உரித்துடையவர்கள். வணிகமும் கணக்கியலும் படிக்கும் மாணவர்கள் இவ்வெண்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கின்றனர். அவர்களே மாதம் இரு சனிக்கிழமைகளில் ஒரு தோட்டத்தின் பிரட்டுக் களத்திலோ வாசிகசாலையிலோ அமர்ந்து, வருகின்றவர்களின் கணக்குக் கூற்றை வாசித்துச் சொல்லி, பெயர் மாறுபட்டிருந்தால் எந்தப் பத்திரத்தோடு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் எப்படியிருக்கும்? தமிழ் மாணவர் விண்ணப்பம் எழுதலாம். சிங்கள மாணவர் அதனை மொழிபெயர்க்கலாம். பருவ முடிவில், பெயர்கள் எதனால் மாறுகின்றன, எந்தப் படியில் மக்கள் தடுக்கி விழுகின்றனர் என்று அவர்கள் எழுதும் கட்டுரையை, நூலை மட்டும் படித்தவன் எழுத முடியாது.

நகரத்துள்ளும் இடமுண்டு. கண்டி வாவியிலிருந்து வெளியேறும் நீரையும் நகரத்தின் கழிவையும் சேர்த்துச் சுமந்து மகாவலிக்குப் போகும் மெத எல என்னும் ஓடையை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கின்றோம். இரசாயன மாணவர் ஆண்டு முழுவதும் அதன் நீரைப் பல இடங்களில் சோதித்து, முடிவை இரண்டு மொழிகளிலும் எளிய சொற்களில் எழுதிக் கரையோரத்து வீட்டார்க்கும் கடைக்காரர்க்கும் மாநகர சபைக்கும் கொடுத்தால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியதாகும்.

சில ஆட்சேபங்கள்

இதற்கு ஆட்சேபம் கூறுவோர் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயமும் உண்டு. பாடத்திட்டம் ஏற்கெனவே பாரமானது என்பார்கள். உண்மை. ஆகையால் இதனைப் புதிய சுமையாக ஏற்றாமல், இப்போதுள்ள ஒப்படைகளில் ஒன்றை மாற்றி அமைக்க வேண்டும். விரிவுரையாளர் மாணவரோடு கூடச் செல்லும் நேரத்தையும் கற்பித்தல் நேரமாகவே கணக்கிட வேண்டும்.

அரைகுறையாகப் படித்த மாணவன் ஏழைகளிடம் போய்த் தவறாக எதையேனும் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்பார்கள். இது மிகவும் கவனிக்கத்தக்கது. மருத்துவ மாணவன் ஆசிரியரின் கண்பார்வையின்றி மருந்து கொடுப்பதில்லை. அதே ஒழுங்கு ஏனைய பாடங்களுக்கும் வேண்டும். 'எனக்குத் தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன்' என்று சொல்லவும், சொன்ன நாளில் திரும்பிப் போகவும் பழக்குவதே இக்கல்வியின் முதற் பாடமாதல் வேண்டும்.

அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைக் கூலியின்றி மாணவர் தலையில் கட்டுவதா என்று கேட்போரும் உளர். மாணவன் வழி காட்டலாம். வீதி போடுவதும் வீடு கட்டுவதும் அவனுடைய வேலையல்ல. ஆனால் எங்கே வழி அடைபட்டிருக்கின்றது என்பதைக் கண்ணாரக் கண்ட பட்டதாரி, நாளைக்கு அலுவலக நாற்காலியில் அமரும்போது, மனு ஒன்றைத் திருப்பி அனுப்புமுன் சற்று யோசிப்பான்.

மாணவனுக்குச் சொன்னது

அன்று மாலை அந்த மாணவனுக்கு இவ்வளவையும் நான் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தின் கதையை மட்டும் சொன்னேன். பல ஆண்டுகள் கழித்து வேறு காரியமாக அத்தோட்டத்துக்குப் போயிருந்தேன் என்பதையும் சொன்னேன். கடைசிக் காம்பிராவில் வேறு ஒரு குடும்பம் இருந்தது. மூதாட்டி இறந்து சில ஆண்டுகள் என்றார்கள். பணம் கிடைத்ததா என்று கேட்டேன், எவருக்கும் தெரியவில்லை.

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு வினாக்கொத்தின் கடைசித் தாளைத் திருப்பி, "இதில் எதைச் சேர்க்கலாம், சேர்?" என்று கேட்டான்.

இரண்டு வரிகள் சேர்க்கச் சொன்னேன். ஒன்று: 'நீங்கள் எங்களிடம் கேட்க விரும்புவது என்ன?' மற்றது: 'நாங்கள் திரும்பி வரும் திகதி'. அந்தத் திகதியை அவர்கள் கண்முன்னே எழுதி, அத்தாளின் பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வரும்படி சொன்னேன். எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்ற கேள்விக்கும் விடை சொன்னேன்: திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடிய அளவு பேர்.

பிள்ளைகளைப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர்களே, விடுமுறையில் அவர்கள் வீடு வரும்போது எத்தனை புள்ளி என்று கேட்கின்றீர்கள். கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதனோடு, 'இந்தப் பருவத்தில் யாரிடம் போய்க் கற்றாய்? அவர்களுக்கு என்ன கொடுத்து வந்தாய்?' என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். வீட்டில் கேட்கும் கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, நாளை வகுப்பிலும் அதனைக் கேட்கும்.

அந்த மாணவன் குறித்திருக்கும் திகதி வருகின்ற மாதம் இரண்டாம் சனிக்கிழமை. நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.